கஞ்சி போட்ட கழுத்து

இன்று காலை, ரயில் வரப் பத்து நிமிடம் இருக்கும்போது, திருத்தணி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் என் கணவரின் தலை ஒரு ஸ்வெட்டருக்குள் மாட்டிக்கொண்டது!

ஸ்வெட்டர் பின்னியது நான்தான். (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் நேரம் இருக்காது.)

எங்கள் பாவா (என் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்துவிட்டார். எங்கே சண்டைக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லவில்லை. வடக்கே, பனி கொட்டும் இடம் என்று மட்டும் தகவல். திருத்தணி வெயிலில் வளர்ந்த மனிதர் பனிக்கு என்ன செய்வார்? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

உடனே கம்பளி நூல் வாங்கினேன்.

ஆனால் என் தையல் லட்சணம் உங்களுக்குத் தெரியுமே, தோழிகளே! முன்பு ஒருமுறை முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனியாகப் பின்னி, சேர்த்துத் தைத்து என் தம்பிக்குக் கொடுத்தேன். சோம்பல் முறித்தான், ஒரு கை கழன்று விழுந்தது.

அதனால் இந்த முறை தையலே இல்லாத ஸ்வெட்டர்!

நான் வாத்தியாரம்மாவாக இருக்கும் மிஷன் பள்ளியின் துரைசானி அம்மாள் ஒரு வட்ட ஊசி கொடுத்தார். இரண்டு ஊசிகளை நடுவில் ஒரு கம்பி சேர்த்திருக்கும். திருப்பவே வேண்டாம், சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகலாம். இடுப்பிலிருந்து அக்குள் வரை ஒரு பெரிய குழாய். கைகளுக்கு இரண்டு சின்னக் குழாய். பிறகு மூன்றையும் ஒரே ஊசியில் ஏற்றி, வளையங்களைக் குறைத்துக்கொண்டே போனால் தோள் வரும், கடைசியில் கழுத்து வரும். கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. கேட்கவே எவ்வளவு ஜோராக இருக்கிறது!

கைக் குழாய்கள் முடிந்து, பெரிய குழாயும் முடிந்த அன்று மாமனார் வந்து சேர்ந்தார். பொதட்டூர்பேட்டையில் தறி நெய்கிறவர். மகனை ரயில் ஏற்றிவிட வந்தவர், என் கையிலிருந்த குழாயைப் பார்த்துவிட்டுப் பட்டாளத்தில் கம்பளி லுங்கியா கட்டச் சொல்கிறார்கள் என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் அதை வாங்கி உள்ளும் புறமும் திருப்பித் தேடினார்.

"லுங்கிக்கே ஒரு மூட்டு தைக்கணும். இதுல எங்கம்மா மூட்டு?"

இல்லை மாமா என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நெசவாளியையே அசத்திவிட்டேனே!

அந்தப் பெருமைக்கு மறுநாளே பூசை விழுந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், தோளுக்கும் கழுத்துக்கும் வைத்திருந்த இரண்டு சிட்டம் நூலைக் காணோம். வாசலில் இரண்டு கழிகளுக்கு நடுவே மாமனார் அதை இழுத்துக் கட்டிக் காயப்போட்டிருந்தார். தொட்டால் தென்னங்குச்சி.

"நூலு தொளதொளன்னு கீது. கஞ்சி போடாம எப்டிம்மா நிக்கும்? அதான் நானே போட்டு வெச்சேன்."

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் ஏற்றினால் இழை அறுந்துவிடும். வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர், மருமகளுக்கு உதவி என்று நினைத்துச் செய்திருக்கிறார். கோபம் மூக்கு வரைக்கும் வந்தது. அவர் கை விரலில் ஒட்டியிருந்த கஞ்சியைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

அலசிக் காயப்போட்டால் ஒரு நாள் போய்விடும். ரயிலுக்கு இருந்ததே ஒன்றரை நாள். வேறு நூலுக்கு மதராஸ்தான் போக வேண்டும். அப்படியே பின்னினேன். ஊசி நகராமல் மல்லுக்கட்டியது, விரல் நுனியெல்லாம் காந்தியது. இன்று காலை பாவா பெட்டியோடு முன்னால் போய்விட்டார். பின்னால் ஜட்காவில் மாமனாரோடு போகும்போதுதான் கடைசி வரியை முடித்தேன். அவசரத்தில் இழுத்து இறுக்கி முடித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிளாட்பாரத்தில் பாவா ஆசையாக வாங்கி மாட்டினார்.

கை நுழைந்தது. உடம்பு நுழைந்தது. தலை வெளியே வரவில்லை!

ஸ்வெட்டரின் கழுத்து வார்னிஷ் அடித்த மாதிரி நிற்கிறது. உள்ளே பாவா ஏதோ சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை. போர்ட்டர் சிரிக்கிறான். தூரத்தில் ரயில் ஊதுகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைக்கூட ஒழுங்காகச் செய்து கொடுக்காமல் அனுப்பப்போகிறேனே!

மாமனார் கூஜாவைத் திறந்தார், உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துக் கழுத்தைச் சுற்றித் தெளித்தார். தறியில் பாவு விறைத்தால் செய்வது போலக் கட்டை விரலால் நீவி நீவி விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

முதலில் நெற்றி. பிறகு மூக்கு. பிறகு இரண்டு காதுகளும் செக்கச் சிவந்து வெளியே வந்தன!

அளவு கச்சிதம். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. ரயில் வந்து நின்றுவிட்டது. பாவா வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறியதும் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், பனி வரும் ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஜன்னல் வழியாகக் குனிந்து, அப்பாவுக்குக் கேட்காமல் சொன்னார்:

"இத்த நான் கழட்ட மாட்டேன். கழட்டினா மறுபடியும் தலை போவாது. திரும்பி வந்ததும் நீயே கழட்டி வுடு."

அதுவரை அழக் கூடாது என்று இருந்தேன். அப்புறம் எங்கே முடிகிறது!

தோழிகளே, இரண்டு தண்ணீரில் அலசினால் கஞ்சி போய்விடும், கழுத்தும் தானாக இளகிவிடும். எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

தயவுசெய்து யாரும் அவருக்கு எழுதிச் சொல்லிவிடாதீர்கள்.