எறியாத பிள்ளை

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பால்வாடியில் நான் டீச்சராக இருக்கிறேன். இங்கே வரும் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

போன வருடம் மூன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை சேர்ந்தாள். பேச்சு, பாட்டு எல்லாம் சரளம். விளையாட்டு என்று வந்தால்தான் சிக்கல். பழைய சேலையைச் சுருட்டித் தைத்த பந்துகளைக் கூடைக்குள் எறியச் சொல்வேன். மற்ற பிள்ளைகள் எறியும். பாதி வெளியே விழும். இவள் பந்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடை வரைக்கும் நடந்து போய், குனிந்து, உள்ளே வைப்பாள். ஓடச் சொன்னாலும் நடைதான். காலில் ஏதும் கோளாறோ என்று ஊருக்கு வரும் நர்ஸிடம் காட்டினேன். ஒன்றுமில்லை என்றார்.

மழையால் கம்பெனிக்கு லீவு விட்ட ஒரு நாள், பிள்ளையைக் கூட்டிப்போக அவள் அம்மாவே வந்தாள். வெடிக்குத் திரி வைக்கிற வேலை அவளுக்கு. விஷயத்தைச் சொன்னேன்.

"நாந்தான் டீச்சர் சொல்லி வச்சிருக்கேன். எதையும் எறியக் கூடாது, இழுக்கக் கூடாது, ஓடக் கூடாது, மெதுவா வைக்கணும்னு. கம்பெனியில அம்புட்டுப் பேருக்கும் அதான சட்டம். வீட்டுக்கு வந்தாலும் வாயில அதே வருது."

"அது உங்களுக்குச் சரி. இந்த வயசுல இவ எறியணும், குதிக்கணும், விழுந்து எந்திரிக்கணும். அப்பதான் கையும் காலும் சொன்னபடி கேக்கும். இங்கன பந்துக்குள்ள வெறும் துணிதான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

பந்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்தேன். ஈரத்துணியைக் கொடுத்து வெளிச்சுவரில் எறியச் சொன்னேன். முதலில் சுவரில் ஒட்டி வைக்கப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவன் எறிந்ததும் சொத்தென்று சத்தம் வந்தது. சுவரில் ஈரம் பூவாகத் தெறித்தது. அவளும் எறிந்தாள். அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. பிறகு சுண்ணாம்புக் கோடு, கோட்டைத் தாண்டுவது, தொட்டுப் பிடிப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு நாள் ஓடும்போது விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் அம்மா முன்கூட்டியே வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

"ஓடும்போதா டீச்சர் விழுந்தா?"

"ஆமா. எந்திரிச்சு மறுபடியும் ஓடினா."

குனிந்து பிள்ளையின் முட்டியைப் பார்த்தாள். "முன்னாடி ஒருக்க எங்க பக்கத்து ரூம்ல தீப்பிடிச்சிருச்சு. எல்லாரும் வெளிய ஓடுனாக. எனக்குக் காலு வரல டீச்சர். ஓடியே எம்புட்டு வருசமோ. படியில விழுந்துட்டேன். பின்னால வந்தவுக தோளப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாக." வேன் ஹாரன் கேட்டது. "இவ நல்லா ஓடிப் பழகட்டும்."

அவள் போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

இப்போது பிள்ளைக்கு நாலரை வயது. குறி இன்னும் சரியில்லை; பந்து கூடையைத் தாண்டி எங்கெங்கோ போகிறது. வீட்டில் டம்ளரை எல்லாம் எறிந்து நெளிக்கிறாள் என்று புகார் வந்ததால், ஒரு துணிப்பந்தைக் கொடுத்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் அம்மாவும் மகளும் எறிந்து விளையாடுகிறார்களாம்.

"எறிஞ்சிருதேன் டீச்சர்," என்றாள் அம்மா. "பந்தப் பிடிக்கத்தான் எனக்கு வர மாட்டேங்கு."