வெட்டப்பட்ட எர்த் வயர்

ஞானவேலும் அனிட்டாவும் ஏழு வருடம் சேர்ந்து தொழில் செய்தார்கள். அந்த ஏழு வருடத்தில் ஒருநாள்கூட அவளுக்கு அவனைப் பிடித்ததில்லை.

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவன் ஞானவேல். எந்த பங்களாவைக் காலி செய்தாலும் முதல் ஆளாக வாசலில் நிற்பான். கட்டில், கடிகாரம், பீங்கான் தட்டுகளோடு எப்போதாவது வால்வு போட்ட பிரீஆம்ப் ஒன்றும் அகப்படும். ரெக்கார்டு பிளேயரின் முள் எடுத்துக் கொடுக்கும் மெல்லிய ஒலியை வாங்கி, பெரிய ஆம்ப்ளிஃபயருக்குத் தோதாக ஏற்றிவிடுகிற இரும்புப் பெட்டி அது. உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடானால்தான் பாடும். அறுபது வருடம் மலை ஈரத்தில் கிடந்த அப்படியொரு பெட்டியைப் பாடவைக்க ஞானவேலுக்குத் தெரியாது. அனிட்டாவுக்குத் தெரியும்.

அவள் ஒரு மிஷன் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். மின்சார வேலையைப் பழுதான கருவிகளைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டவள். நாயுடுபுரத்து வீட்டில் சாப்பாட்டு மேசையில் பாதியை அவளுடைய மீட்டரும் சால்டரிங் இரும்பும் பிடித்திருக்கும். ஊதிப்போன கண்டென்சர்களைப் பிடுங்கிப் புதியது வைப்பாள். வால்வின் கால்களில் ஏறிய கறையைச் சுரண்டுவாள். ஒரு பெட்டிக்கு இரண்டு மாதம்கூட ஆகும். ஞானவேல் அதன் பின்னால் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டி, "நானே உக்காந்து சரிபண்ணுனது சார்" என்று விற்பான். ஒருமுறை அனிட்டா கடையில் நிற்கும்போதே அப்படிச் சொன்னான். வாங்க வந்தவர் அவளைப் பார்த்ததும், "இவங்க தொடச்சுக் குடுப்பாங்க" என்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவனை விட்டால் இந்தப் பெட்டிகள் வேறெங்கே கிடைக்கும் என்று அப்போது நினைத்தாள்.

ஒரு தை மாதக் காலையில் ஞானவேல் போன் செய்தான்.

"பூண்டியில ஒரு பொம்பளைக்கு பிரீஆம்ப்லேர்ந்து கரண்ட் அடிச்சுருச்சு. கை முறிஞ்சு கெடக்கு. அவ வீட்டுக்காரரு போலீசுக்குப் போறேங்குறாரு. ரிப்பேர் பண்ணுனது அனிட்டான்னு சொல்லிட்டேன். நீயே போய்ப் பேசிக்க."

ஏழு வருடத்தில் முதல்முறையாக அவள் பெயர் ஒரு வாடிக்கையாளரின் காதில் விழுந்திருந்தது.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு மேல்மலைக் கிராமமான பூண்டிக்கு பஸ் ஏறினாள். பெட்டியை வாங்கியவர் திருமலைச்சாமி, பூண்டு விவசாயி. மூடப்பட்ட ஒரு ஓட்டலிலிருந்து இருநூறு ரெக்கார்டுகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றை நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே வால்வு பெட்டி தேடியவர். கரண்ட் அடித்தது அவர் மனைவி முருகம்மாளுக்கு. ஈரத்துணியால் பெட்டியைத் துடைக்கப்போனவளை அது தூக்கி எறிந்திருந்தது.

முருகம்மாள் மாவுக்கட்டுக் கையோடு வாசலை மறித்து நின்றாள்.

"நீதான் அதை ரிப்பேர் பண்ணுனவளா?"

"நாந்தாங்க."

"எந்தத் தைரியத்துல இங்க வந்த?"

"பெட்டியைப் பாக்கணுங்க. பாத்தாத்தான் என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியும்."

"என் கையப் பாரு. என்ன நடந்துச்சுன்னு தெரியும்."

திருமலைச்சாமி உள்ளிருந்து வந்தார். அவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. முற்றத்து மூலையைக் காட்டினார். சாக்கு போட்டு மூடி, யாரும் தொடாமல் கிடந்தது பெட்டி.

அனிட்டா தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினாள். மின்சார வயருக்குள் மூன்று கம்பிகள் வரும். அதில் பச்சைக் கம்பி எர்த். பெட்டியின் இரும்போடு அதை அவளே இறுக்கிப் பற்றவைத்திருந்தாள். இப்போது அது வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவள் வேலையில் டேப்பே சுற்றுவதில்லை.

"ஐயா, வாங்குனதுக்கப்புறம் இதை யாராவது தொறந்தாங்களா?"

"ஞானவேலு தொறந்தான். தீவாளி கழிச்சு. ஸ்பீக்கர்ல உம்முன்னு ஒரு எரைச்சல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. போன் போட்டேன், வந்தான். கட்டிங் பிளேயரை வச்சு என்னமோ பண்ணுனான். அஞ்சே நிமிசம். எரைச்சல் நின்னுபோச்சு."

அனிட்டா பெட்டியைத் திருப்பி, வெட்டிய கம்பியைக் காட்டினாள். "இதைத்தான் வெட்டிருக்காரு. எர்த்தை வெட்டுனா அந்தச் சத்தம் போயிரும். ஆனா பெட்டியில கரண்ட் கசிஞ்சா பூமிக்குப் போக வழி இல்ல. தொடுறவங்க மேலதான் பாயும்."

திருமலைச்சாமியின் முகம் கறுத்தது. முருகம்மாள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"கரண்ட் ஏன் கசிஞ்சுச்சு? அதையும் அவனா பண்ணுனான்?"

அனிட்டா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

"இல்லங்க. உள்ள இருக்குற டிரான்ஸ்பார்மர் பழசு. ஈரம் ஏறுனா கசியும்னு எனக்கு மீட்டர்லயே தெரிஞ்சுச்சு. மாத்துறதுக்கு வேற கெடைக்கல. எர்த் இருக்கே, அது பாத்துக்கிரும்னு விட்டுட்டேன்."

"அவன் வெட்டுனான். நீ தெரிஞ்சே விட்டுட்ட. ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றாள் முருகம்மாள்.

பூண்டு ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜீப்பில் திருமலைச்சாமி பெட்டியையும் வைத்து, அவளையும் ஏறச் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாமல் நேராக ஞானவேலின் கடைக்குமுன் நிறுத்தினார். பீங்கான் தட்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் ஒதுங்கி நின்றது. திருமலைச்சாமி பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

ஞானவேல் வெட்டிய கம்பியைப் பார்த்தான். "ஹம் எரைச்சல் வந்தா எல்லா மெக்கானிக்கும் பண்றதுதானங்க. அதுக்காக கரண்ட் அடிக்குமா? இந்தம்மா ஒழுங்கா பண்ணிருக்கணும்."

"அப்ப வெட்டுனது நீதான்" என்றார் திருமலைச்சாமி.

ஞானவேலின் கோபமெல்லாம் அனிட்டா பக்கம் திரும்பியது. "நான் சாமான் குடுக்கலேன்னா நீ ஸ்கூல்ல பீக்கர் கழுவிக்கிட்டுத்தான் கெடந்திருப்ப."

"இப்பவும் அதைத்தான் கழுவுறேன். ஒரு போன் போட்டிருந்தீங்கன்னா அந்தச் சத்தத்தை நான் போய் முறையா எடுத்திருப்பேன். நீங்க போடல. வேலை தெரிஞ்சவன்னு காட்டிக்கணும் உங்களுக்கு. இனிமே உங்க கடைச் சாமான் எதுவும் என் வீட்டுக்கு வரக்கூடாது."

"வராது. எவன் உனக்குக் குடுக்குறான்னு பாக்குறேன்."

சரிசெய்து கொண்டுவருவதாகத் திருமலைச்சாமியிடம் சொல்லிவிட்டு, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முருகம்மாள் சொன்னது உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது.

திண்டுக்கல்லில் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற ஒருவரிடம் கொடுத்துப் புது டிரான்ஸ்பார்மர் செய்து வாங்கினாள். எர்த்தை மறுபடி பற்றவைத்தாள். உள்ளே சிதறிக் கிடந்த எர்த் இணைப்புகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததும் இரைச்சல் அடங்கியது. மூன்று நாள் ஓடவிட்டு, தண்ணீர் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, ஈரம் ஏறிய பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்தாள். கசிவு இல்லை. மாசி கடைசியில் மறுபடி பூண்டிக்குப் போனாள்.

முருகம்மாளின் கட்டைப் பிரித்திருந்தார்கள். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. பெட்டியை ஓடவிட்டதும் அவள் அருகில் வந்தாள்.

"தொடு."

அனிட்டா தொட்டாள்.

"செருப்பக் கழட்டிட்டுத் தொடு. கைய நனைச்சுக்க."

அனிட்டா கால்செருப்பைக் கழற்றி, செம்புத் தண்ணீரில் இரண்டு கையையும் நனைத்து, இரும்பின்மேல் அகல விரித்து வைத்தாள். முருகம்மாள் எடுக்கச் சொல்லவில்லை. ரெக்கார்டின் ஒரு பக்கம் முடியும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். வால்வின் சூடு அனிட்டாவின் உள்ளங்கையில் ஏறியது.

"சரி. பூண்டுக் கொட்டகையில இருந்துட்டுப் போகட்டும். என் வீட்டுக்குள்ள வரக்கூடாது. நீயுந்தான்."

திருமலைச்சாமி இப்போது கொட்டகையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் ரெக்கார்டு கேட்கிறார். அனிட்டாவின் போன் நம்பரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவரே கொடுக்கிறார். ஞானவேலோ, 'அந்தம்மா பெட்டியைத் தொட்டா கை போயிரும்' என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறான். ஊரில் பாதிப்பேர் நம்புகிறார்கள். போன மாதம் ஒரு பங்களா காலியானபோது அனிட்டா விடியுமுன்பே போய் வாசலில் நின்றாள். ஞானவேல் வந்தான். அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல வாட்ச்மேனோடு பேச ஆரம்பித்தான். அவள் கேட்டுக்குக் குறுக்கே இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டாள்.