மாரியின் முதுகும் காலிக் கட்டங்களும்

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் காலை வைத்தவுடன் காவல்காரர் கேட்பார்: "இன்னா மேடம், நாஷ்டா துன்னியா?" மேடம் என்ற மரியாதையும் துன்னியா என்ற ஒருமையும் ஒரே மூச்சில் வரும். எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளையைக்கூட "நீங்கள் சாப்பிட்டியளோ" என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். முதல் மாதம் முழுக்க எனக்குக் கொதி. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அந்த மனிதர் அதையெல்லாம் கவனித்ததே இல்லை. அடுத்த நாளும் கேட்பார். இப்போது அவர் லீவில் நின்றால் எனக்கு அன்றைக்குச் சாப்பிட்ட இட்லி சாப்பிட்ட மாதிரியே இல்லை.

கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். நான் இராயபுரத்துக்குப் போனவள். இங்கே பனி இல்லை. துறைமுகத்துக்குப் போகிற கரி லொறிகளின் தூசிதான் உண்டு. திருவொற்றியூரில் என் அறைக்கு வெளியே வெள்ளைச் சீருடையைக் காயப் போட்டால் சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். இந்த ஊரில் பேசுவதும் தமிழ்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் மீன்காரப் பெண்கள், "சிலோனா நீ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஓம், சிலோன்தான். வந்தவளை வா என்று சொன்ன ஊர் என்றபடியால், இங்கிருந்து எழுத எனக்கும் ஒரு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஊரில் நான் நேர்ஸ், பிறகு நேர்சிங் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவள். படகில் வந்தபோது சான்றிதழ்ப் பை கடலோடு போய்விட்டது. அகதி முகாமில் சில வருடம். பிறகு யாரோ சொல்லி, இராயபுரத்தில் இருந்த இந்தத் தர்ம ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டரம்மாவைப் பார்க்க வந்தேன். அவர் என்னிடம் ஒரு கடதாசியும் கேட்கவில்லை. வெறுங்கட்டில் ஒன்றைக் காட்டி, விரிக்கச் சொன்னார். விரித்தேன். மூலையை மடித்துச் செருகிய விதத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை வந்துருங்க" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ. அந்த அம்மாவை நான் இன்றைக்கும் நினைத்துக் கும்பிடுகிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு வருடம் போனபின் அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஏதோ கம்பனி பழசாகிவிட்டதென்று கொடுத்த கொம்பியூட்டர்கள் இரண்டு வந்து சேர்ந்திருந்தன. வெளிநாட்டில் எல்லாம் நேர்ஸ்மார் 'எவிடென்ஸ் பேஸ்ட் பிராக்டிஸ்' படிக்கிறார்களாம், 'இன்ஃபர்மேட்டிக்ஸ்' படிக்கிறார்களாம், எங்கள் ஸ்டாஃப் நேர்ஸ்மாருக்கும் நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேணும் என்றார். நானே புத்தகத்தைப் பார்த்து இரவல் அறிவோடு நின்றவள். முதல் வகுப்பில் இப்படிச் சொன்னேன்: "காலங்காலமாகச் செய்யிறம் எண்டு செய்யாதேங்கோ. அதால நோயாளிக்குக் குணமாகுது எண்டதுக்கு ஆதாரம் இருக்கோ எண்டு பாருங்கோ. பார்க்கிறதுக்கு, நடந்ததை நடந்தபடி பதிஞ்சு வைக்க வேணும். அதுக்குத்தான் இந்தக் கொம்பியூட்டர்." எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் வரிசை வாங்கில் இருந்த மேகலா எழும்பி, "மேடம், சோக்கா பேசுறீங்க. மறுக்கா ஒருதபா தமிழ்ல சொல்லுங்க" என்றாள்.

மேகலா காசிமேட்டுப் பிள்ளை. வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போக, இவள் ஒருத்தி நேர்ஸாகி ஆண்கள் வார்டில் நின்றாள். வாய் காது வரைக்கும் நீளம், கை அதைவிடக் கெட்டி. அவளுடைய வார்டுக்குத்தான் மாரி வந்து சேர்ந்தார்.

மாரி மீன்பிடி லாஞ்சில் வேலை செய்தவர். ஐஸ் அறைக்குள் விழுந்து முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையாது. வேறிடத்தில் நெடுநாள் படுத்துக் கிடந்துவிட்டு இங்கே வந்தபோது முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். பெரிய டொக்டரம்மா பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, புண் எலும்பைத் தொட்டால் ஆள் தப்பமாட்டார் என்றார். கால்கள் திரும்பி வராது, அது எல்லாருக்கும் தெரியும். உயிரைக் காப்பாற்ற வேணும் என்றால் அந்தப் புண் ஆற வேணும்.

அவர் மனைவி தேசம்மா மீன் விற்கிறவர். விற்ற கையோடு தினம் ஒரு முட்டை வாங்கி வருவார். ஏனென்று கேட்டால், வார்டில் கேட்கிறார்கள் என்றார். வெள்ளைக்கருவை அடித்துப் புண்ணில் பூசி, ஒக்ஸிஜன் குழாயைப் பிடித்துக் காய வைப்பது அந்த வார்டின் வழக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. "முட்டையை முதுகில பூசாதேங்கோ, வாயில குடுங்கோ!" என்று கத்திவிட்டேன். அடுத்த நாளில் இருந்து முட்டை அவித்து மாரியின் வாய்க்குள் போனது. புண்ணை உப்புத்தண்ணியால் கழுவி மூடினோம். ஒரே பக்கம் கிடந்தால் புண் ஆறாது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேணும், புரட்டியதும் கொம்பியூட்டரில் அந்த நேரத்துக்குரிய கட்டத்தில் ஒரு குறி போட வேணும் என்று மேகலாவுக்குச் சொன்னேன்.

கட்டங்கள் எல்லாம் அழகாக நிரம்பின. ஒன்றுகூடத் தவறவில்லை. புண் மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

எனக்கு அந்தரமாகிவிட்டது. நான் படித்துச் சொன்னதே பிழையோ என்று நித்திரை வரவில்லை. அந்த நாட்களில்தான் அண்ணா ஊரில் இருந்து ரெலிபோன் எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் அவருடைய அழைப்பு வரும். "சண்டை நிண்டிட்டுது, பாதை திறந்தாச்சு. உன்ர பழைய இடத்தில படிப்பிக்க ஆளில்லாமத் தேடுகினம். எப்ப வாறாய்?" என்றார். வருடக்கணக்காக நான் கேட்கத் தவமிருந்த கேள்வி அது. வாயில் வந்ததோ வேறு. "இங்க ஒராளின்ர புண் ஆற வேணும் அண்ணா. ஆறினதும் வாறன்." "ஆர் அவர், எங்கட சொந்தமோ?" என்று கேட்டார்.

ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்த கையோடு, வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனேன். கொம்பியூட்டரைத் திறந்தால், பின்னேரம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் மாரியைப் புரட்டியதாகக் குறி விழுந்திருந்தது. சுவர் மணிக்கூட்டில் இரண்டுகூட ஆகவில்லை. மாரி காலையில் போட்ட பக்கமே கிடந்தார். எனக்குக் கொதி ஏறியது. "இது என்ன பேய்க்காட்டல் மேகலா? புரட்டாமலே குறி போடுறதோ?" என்றேன்.

"இன்னா மேடம் இப்டி கோச்சிக்கிற? டூட்டி முடிஞ்சி போறப்போ காலியா வுட்டுட்டுப் போவ முடியுமா? அப்பால வர்றவ மேல பேஜாராயிடும்ல?"

அவள் கண்ணில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. மற்றப் பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள். விசாரித்தால், நேர்சிங் படிக்கிற காலத்தில் இருந்தே அவர்களுக்கு ஊட்டிய பாடம் அது: பெரியவர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. காலிக் கட்டம் என்றால் வேலை செய்யாதவள், எல்லாருக்கும் முன்னால் பேச்சு வாங்குவாள். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைக் கூட்டுவதுபோல, அடுத்தவளுக்குத் திட்டு விழக்கூடாது என்ற கரிசனத்தில் இவள் அவளுடைய கட்டத்தையும் நிரப்பிவிட்டுப் போகிறாள். அவளோ நிரம்பிய கட்டத்தைப் பார்த்து, வேலை முடிந்தது என்று நினைக்கிறாள். இடையில் மாரி கிடந்த கிடை.

பெரிய டொக்டரம்மாவிடம் ஓடினேன். கட்டம் காலியாக இருந்தால் யாரையும் ஏசக்கூடாது, அதை எல்லாருக்கும் முன்னால் நீங்களே சொல்ல வேணும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம நர்ஸுங்க வேலை செய்யலன்னு நாமே கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிக்கணும்னு சொல்றீங்களா?"

"இல்லை டொக்டர். ஆக்கள் காணாது எண்டு எழுதி வைக்கச் சொல்லுறன்."

"காணாதுன்னா? ஆளுங்க காணாம போயிட்டாங்களா?"

"போதாது டொக்டர், போதாது!" என்று நான் தலையில் கை வைக்க, அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியால் சம்மதமும் கிடைத்தது. அன்று பின்னேரமே வார்டுக்கு வந்து, காலியாக விட்டவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன், பொய்யாய் நிரப்பினவளைத்தான் சொல்லுவேன் என்று சத்தமாக அறிவித்தார். பிள்ளைகள் நம்பவில்லை. முதல் காலிக் கட்டத்தை மேகலாதான் விட்டாள், பலிக்கடா மாதிரி நின்றுகொண்டு. டொக்டரம்மா பார்த்தார், ஏசாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். பிறகுதான் மற்றவர்களுக்கும் துணிவு வந்தது.

ஒரு கிழமையில் கொம்பியூட்டர்த் திரை, பல்லு விழுந்த பிள்ளையின் வாய் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் விழுந்த பல்லெல்லாம் ஒரே இடத்தில். மத்தியானத்தில் இருந்து பின்னேரம் வரைக்கும்தான் காலி. அந்த நேரம் வார்டு முழுக்க ஒருத்திதான் நிற்பாள். மாரி நல்ல பாரமான மனிதர். அவரைத் தோல் உரசாமல் புரட்ட நாலு கை வேணும். பிள்ளைகள் எல்லாம் திரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் மாதக்கணக்காகத் தொண்டை கிழியப் படிப்பித்த இன்ஃபர்மேட்டிக்ஸ் அன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது.

"ஆளு தான மேடம் வோணும்? மத்தியானத்துல எங்க ஆளுங்க சும்மாதான் கீறானுங்க. இட்டாறேன்" என்றாள் மேகலா. காசிமேட்டில் மீன் ஏலம் விடியலோடு தொடங்கி, வெயில் ஏற முன் முடிந்துவிடும். அடுத்த நாள் மத்தியானம் மாரியோடு லாஞ்சில் போன நாலு பேர் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வார்டு வாசலில் நின்றார்கள். பார்வையாளர் நேரம் இல்லை என்று காவல்காரர் மறிக்க, மேகலா போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர்களுக்கும் வகுப்பு எடுத்தேன். தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. "வலை இழுக்கிற மாதிரி இழுக்காதேங்கோ, தோல் உரிஞ்சு போகும். தூக்கிப் புரட்டுங்கோ." அவர்களில் மூத்தவர், "நீ சொல்லு மேடம், மீனு மேல செதிலு போவாம புரட்டுறவங்க நாங்க" என்றார். மாரி குப்புறக் கிடந்தபடி, "டேய், நான் மீனு இல்லடா, ஜாக்கிரத!" என்றார். வார்டே சிரித்தது. அவர்கள் கடலுக்குப் போன நாட்களில் கரைக்கு வந்த வேறு லாஞ்சுக்காரர் வந்தார்கள். யார் சொல்லி யார் வந்தார்களோ, எனக்குத் தெரியாது. மத்தியானத்தில் ஆள் இல்லாமல் போனதில்லை. புரட்டியது யார் என்று எழுதுகிற இடத்தில் மேகலா 'தோஸ்துங்க' என்று அடித்து வைத்தாள். டொக்டரம்மா அதை மாற்றவில்லை.

புண்ணுக்குள் புதுச் சதை சிவப்பாக எழும்பியது, பிறகு புண் சுருங்கத் தொடங்கியது. அண்ணா எடுக்கிற ஒவ்வொரு அழைப்பிலும் சுகம் விசாரிக்க முன் "ஆறீட்டுதோ?" என்றுதான் கேட்பார். "ஆறுது அண்ணா, ஆறுது" என்பேன். மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் மேகலா கட்டைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக, மினுங்கலாக, புதுத்தோல். தேசம்மா அதைத் தொடப் பயந்து விரலைக் காற்றில் வைத்துக்கொண்டே நின்றார். "மெய்யாலுமே மூடிக்கிச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அழுதேன், அவர் அழுதார், மேகலா எங்கள் இரண்டு பேரையும் ஏசிக்கொண்டே அழுதாள். மாரியை நாற்காலியில் இருத்தி, தோஸ்துமார் தூக்கிக்கொண்டு போனார்கள். இனி உட்கார்ந்தபடி ஏலம் கூவலாம், வாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டே போனார் அவர்.

அன்றைக்கே பூத்துக்காரர் ஆள் அனுப்பினார். ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன்.

"ஆறீட்டுதோ?"

"ஓம் அண்ணா. ஆறீட்டுது."

சொன்ன பிறகுதான், இனிச் சொல்வதற்கு எனக்கு ஒரு சாட்டுப்போக்கும் மிஞ்சவில்லை என்று தெரிந்தது. அண்ணா விடவில்லை. "அப்ப வாறாய் தானே பிள்ளை? வீட்டைக் கழுவி வச்சிருக்கிறன்." கண் முன்னே எங்கள் முற்றம் வந்து நின்றது. நெஞ்சு நிறைய ஆசை, பொய்யில்லை. அப்போது பூத்தின் கண்ணாடிக் கதவை மேகலா படபடவென்று தட்டினாள். "மேடம்! மாரி படுத்த பெட்டுல புது ஆளு வந்துக்கீறாரு, எண்ணூர்க்காரு. முதுகெல்லாம் செவந்து கீது. வா மேடம் சீக்கிரம்!"

ஒரு கையில் ரிசீவர், மற்றக் கையால் கதவைத் தள்ளினேன். "தோ, வந்துகினே கீறேன்" என்றேன்.

காதுக்குள் அண்ணா கேட்டார்: "ஆருக்குப் பிள்ளை சொல்லுறாய், எனக்கோ?"