இடது முன்சக்கரத்து நட்டுகள்

இது நடந்தது. மாத்தளைக்குப் பக்கத்து ஊரான அலுவிகாரையில் இதைக் கேட்ட சிலர் சிரித்தார்கள். ஸஹாப்தீன் மட்டும் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. நாளைக் கேட்டால் நாளையும் நேரத்தைக் கேட்டால் நேரத்தையும் தடுமாறாமல் சொல்வார்.

1938, மார்ச் 13. ஞாயிற்றுக்கிழமை. பகல் 2.10.

ஸஹாப்தீனுக்கு மாத்தளை டவுனில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் கடை. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் விற்ற பழைய காரை இரண்டு மாதத்துக்கு முன்னால் வாங்கியிருந்தார். அதை அடுத்தவர் கையில் விட அவருக்கு மனமில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து, எண்ணெய் மாற்றி, கிரீஸ் வைத்து, நட்டு முறுக்கி எல்லாவற்றையும் தானே செய்வார்.

அன்றைக்கு அவசரமும் இருந்தது. தங்கை நாச்சியா நாவுலையில் புருஷன் வீட்டில் நிறைமாதம். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து, பிறந்த கையோடு மவுத்தாகிப் போனது. இந்த முறை மாத்தளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்று மச்சான் ஆள் அனுப்பியிருந்தார். மறுநாள் விடியக் கிளம்ப வேண்டும்.

பழைய எண்ணெயை இறக்கிப் புதியதை ஊற்றினார். கிரீஸ் வைத்தார். ஒரு குறையும் இல்லை. கடைசி வேலை சக்கரத்து நட்டுகள். இடது முன்சக்கரத்தில் தொடங்கினார். நான்கு நட்டு. நான்கையும் இறுக்கிவிட்டு மற்ற மூன்று சக்கரங்களையும் முடித்துக்கொண்டு சுற்றி வந்தார். சும்மா ஒரு விரலை வைத்துப் பார்த்தார்.

ஒரு நட்டு விரலோடு சுழன்றது.

"சே!" என்றார். மரை தேய்ந்திருக்கும் என்று நினைத்தார். ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் காலை வைத்து மிதித்து இறுக்கினார். மணி 2.50.

3.25க்கு அஸர் தொழப் போனார். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் அதே சக்கரத்தில் இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன. அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"மஸூதா! யார் இதுல கை வெச்ச?"

அவர் மனைவி அடுப்படி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"நான் அடுப்படிய விட்டு வெளிய வரவே இல்ல. கேட்டும் பூட்டித்தான் கெடக்கு."

"அப்ப நட்டு தானா கழருதா?"

"எனக்கிட்ட ஏன் பாயுறீங்க? ஒழுங்கா முறுக்குங்களேன்."

ஒழுங்காக முறுக்கச் சொல்கிறாள்! உள்ளங்கை தோலுரிய முறுக்கியவரிடம்! அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குந்தினார். நான்கையும் இறுக்கினார். பிறகு ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்துக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு கிழித்தார். நட்டு ஒரு நூல் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிவிடும். மணி 4.15.

வலது பக்கம் போய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கோழிகள்கூடச் சத்தம் போடவில்லை.

க்ரிக்...

இறுகிய நட்டு முதல்முறை அசையும் சத்தம். காரின் அந்தப் பக்கத்திலிருந்து.

க்ரிக்... க்ரிக்...

யாரோ ஸ்பேனர் போட்டுத் திருப்புகிறார்கள். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்பேனர்.

அது அவர் கையில் இருந்தது.

குனிந்து காருக்கு அடியால் பார்த்தார். கால்கள் இல்லை. நிழலும் இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை. எழுந்து ஓடினார். அவர் வந்ததும் நின்றது.

நான்கு கோடுகளும் உடைந்திருந்தன. மணி 4.40.

பயம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது ஆத்திரம்தான். "நானா நீயா பாப்பம்" என்று வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னார். இறுக்கினார். அரைமணி கழித்துத் தளர்ந்திருந்தது. மறுபடி இறுக்கினார். சட்டை முழுக்க வியர்வை. விடிந்தால் பயணம், இங்கே நான்கு நட்டு அடங்க மாட்டேன் என்கிறது. அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மணி 6.05. சக்கரத்துக்கு முன்னாலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். கண்ணை எடுக்கவில்லை.

எதுவும் அசையவில்லை.

மஸூதா உள்ளிருந்து "தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிட்டாள். ஒரே ஒரு தரம் திரும்பினார். "வாறேன்" என்றார்.

திரும்பவும் பார்த்தார்.

நான்கு நட்டுகளும் சாக்கின் மேல்.

வரிசையாக.

ஒன்றைத் தொட்டார்...

சூடாக இருந்தது. இவ்வளவு நேரமும் யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த சூடு.

ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் நிற்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில்தான் நாவுலைக்குப் போனார். வழியெல்லாம் தன்னையும் காரையும் திட்டிக்கொண்டே போனார். நாச்சியாவைக் கைத்தாங்கலாக ஏற்றி, நெரிசலில் இடம்பிடித்துக் கூட்டிவந்தார். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல், டவுனிலிருந்து மெக்கானிக் றஹீம் பாஸைக் கூட்டிவந்தார். நட்டு தளர்கிறது என்று மட்டும் சொன்னார். றஹீம் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே துணியால் துடைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நானா, இங்க பாருங்க. நட்டுல ஒரு கோளாறும் இல்ல. சில்ல தாங்குற அச்சு வெடிச்சிருக்கு. மயிரளவுலதான் நிக்குது. அஞ்சாறு மைல் போயிருந்தா சில்லு தனியாப் போயிருக்கும்."

ஸஹாப்தீன் குனிந்து அந்த வெடிப்பை விரலால் தடவினார்.

"இது எல்கடுவத் துரைட கார்தானே? ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே சில்லு கழண்டுதான் பள்ளத்துல போன. அப்ப ட்ரைவர் ராசையா. பாவம், நல்ல மனுசன்."

அதற்கு மேல் ஸஹாப்தீன் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்கடுவைக்குப் போனார். கையில் ஒரு மூட்டை அரிசி. விதவைக்கு அதையாவது கொடுப்போம் என்று நினைப்பு. விசாரித்து, தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசையில் கடைசிக் காம்பராவின் கதவுக்கு முன்னால் போய் நின்றார். ராசையாவின் மனைவி மாரியாயி வெளியே வந்தாள்.

அவள் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் இருந்தது.

"ராசையா மவுத்தானது..." என்று இழுத்தார்.

"ஐயய்யோ, அப்படிச் சொல்லாதீங்க மொதலாளி! அவரு உள்ளாறதான் கெடக்காரு. முதுகு முறிஞ்சு ரெண்டு வருசமா பாயிலதான். பேச்சுமில்ல, கைகால் அசைவுமில்ல. கண்ணு மட்டுந்தான் முழிச்சிருக்கும்."

ஸஹாப்தீன் அரிசி மூட்டையைக் கீழே இறக்கினார்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. போன ஞாயிறு... பின்னேரம்... அவருக்கு ஏதாவது...?"

மாரியாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறியது.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

ஸஹாப்தீன் கதவுப் பக்கம் பார்த்தார்.

"நான் வெறகு பொறுக்கிட்டு ஆறரை இருக்கும், திரும்பி வந்தேன். அவரு போட்டது போட்டபடிதான் கெடந்தாரு. ஆனா வேர்த்து ஊத்தியிருந்திச்சு. சாம்பல் போட்டுத் தேச்சேன், சவுக்காரம் போட்டுத் தேச்சேன். போகவே மாட்டேங்குது. நீங்களே பாருங்க மொதலாளி."

கதவைத் தள்ளினாள்.

பாயில் ஒரு மனிதர். கண்கள் கூரையைப் பார்த்தபடி. வயிற்றின் மேல் இரண்டு மெலிந்த கைகள், அசையாமல்.

மணிக்கட்டு வரை கறுப்பு எண்ணெய்.