தரை டிக்கெட்டுக்குப் போட்ட சரிவு

பேகம்பூரில் மாடி வைத்த மெத்தை வீடு மூன்று, பழனியில் பக்தர்கள் தங்க ஒரு விடுதி, அய்யலூர்ச் சந்தையில் ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, சுற்றுக் கிராமங்களில் எத்தனையோ கிணறு. எல்லாம் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத கை கட்டியவை. ஒன்றிலும் விரிசல் கிடையாது. சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள். இத்தனை கட்டியும் கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு நாலு முழ வேட்டிதான்.

திண்டுக்கல்லில் நாடகம் நடந்துவந்த கொட்டகையைச் சினிமாவுக்கு மாற்றும் வேலை ஐம்பதுகளில் என்னிடம் வந்தது. இஞ்சினியர் வரைந்த பிளானில் பின்னால் நாற்காலி போடும் இடத்துக்கு மட்டுமே சரிவு. தரை டிக்கெட் பகுதி தட்டையாகக் கிடந்தது. பிளானில் இருப்பதைக் கட்டுவதுதானே கொத்தன் வேலை என்று நானும் இருந்தேன். என்னிடம் சித்தாளாக இருந்தவர் என் மதினி. அண்ணன் செத்துப்போன பிறகு பிள்ளைகளுக்காகக் கலவைச் சட்டி தூக்கியவர், ஆள் குள்ளம். ஒரு மத்தியானம் தூக்குவாளியோடு தரையில் உட்கார்ந்தவர், முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் கொழுந்தனாரே, தரை டிக்கெட்டுக்காரி துட்டக் குடுத்துட்டு முன்னாடி இருக்கிறவ கொண்டையவா பாத்துட்டுப் போகணும்?"

எனக்குச் சுருக்கென்றது. திரையின் அடி விளிம்பு வர வேண்டிய உயரத்தில் கீழ்க்கரை நிற்கும்படி என் வேட்டியைத் திரை வரும் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். மதினியைத் தரையில் உட்காரவைத்து, முன்னால் நெட்டையான ஆட்களை முண்டாசோடு இருத்தினேன். கரை தெரிகிறவரை அந்த ஆட்கள் இருந்த மண்ணை வெட்டி இறக்குவது; பிறகு மதினியை அங்கே நகர்த்தி, அவருக்கு முன்னால் வெட்டுவது.

"இப்பத் தெரியுதா மதினி?"

"முண்டாசுதான் அம்புட்டு அழகாத் தெரியுது. இன்னும் வெட்டுங்க."

நாலாம் நாள் கொட்டகை முதலாளி வந்தார். "யாரக் கேட்டுலே வெட்டுன?"

"நானாத்தான் வெட்டுனேன் முதலாளி."

"படம் போடுற மொத நாள் ஒருத்தன் மறைக்குதுன்னு சொல்லட்டும். அப்புறம் இந்த ஊருல நீ கரண்டி பிடிக்க முடியாது."

படம் போட்ட முதல் நாள் தரையில் எள் போட இடமில்லை. நான் காலையிலிருந்து சாப்பிடாமல் கதவோரம் நின்று, படத்தைப் பார்க்காமல் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து மதினியின் குரல் வந்தது. "கொழுந்தனாரே, அடிவரைக்கும் தெரியுது. போய்க் குழம்பு வெஞ்சனத்தோட சோறு தின்னுங்க." சனம் சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். அன்று பிழைத்த பெயரை வைத்துத்தான் மேலே சொன்ன அத்தனையும் கட்டினேன்.

மதினி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கொட்டகையை இப்போது ஜவுளிக்கடையாக மாற்றுகிறார்கள். மண் கொட்டித் தரையைச் சமமாக்குவார்களாம். வாசலில் வரலாறு எழுதிய கல் வைக்கிறார்களாம்; அதில் முதலாளி பெயரும் இஞ்சினியர் பெயரும். போன மாதம் உள்ளே போய், மதினி உட்கார்ந்த இடத்தில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். வேட்டி தொங்கிய ஆணி, திரையைக் கழற்றிய சுவரில் இன்னும் இருக்கிறது. இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

அந்தச் சரிவு என் மூளை என்று இத்தனை வருஷம் சொல்லித் திரிந்தேன். மூளை மதினியுடையது. வெட்டியதும், முதலாளி முன்னால் பழியை ஏற்று நின்றதும் நான். கல் வைக்கிறவர்களே, மண் கொட்டும் முன் எங்கள் இரண்டு பெயரையும் அதில் வெட்டுங்கள். மதினி பெயர் முதலில் வந்தால் எனக்கு வருத்தமில்லை. என் பெயரை விட்டால் வருத்தம் உண்டு.