கீழ லைனுக்கு மூன்று கோல்

எங்கள் வீட்டில் கம்பு என்ற சொல் கிடையாது. அப்பா ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர். கடல் கடந்து வந்து ரயில்வேயில் தண்டவாளக் கட்டை மாற்றும் வேலைக்குச் சேர்ந்தபோது தார்க்கோல் அவர் கையை விட்டுப் போயிற்றே தவிர, அந்தச் சொல் வாயை விட்டுப் போகவில்லை. துணி காயப்போடும் கழியும் கோல்தான், பாம்படிக்கும் தடியும் கோல்தான். என்னையும் அண்ணனையும் மிரட்டும்போது, கோலை எடுத்தால் தெரியும் என்பார். இந்த ஒரு சொல்லால் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற எங்கள் பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

அப்போது எனக்கு ஏழோ எட்டோ வயது. ரயில்வே கூலிகளின் குடியிருப்பு இரண்டு வரிசையாக இருந்தது. மேட்டில் மேல லைன், ஆற்றோரப் பள்ளத்தில் கீழ லைன். நாங்கள் மேல லைன். இரண்டு லைன் இளவட்டங்களுக்கும் ஆகாது. குழாயடியில் ஆரம்பித்த பகை என்பார் ஒருவர், கூத்துப் பார்க்கப் போன இடத்தில் ஆரம்பித்தது என்பார் இன்னொருவர். எதனால் வந்தது என்று தெரியாமலேயே அதை வாடவிடாமல் எல்லோரும் பாடுபட்டார்கள்.

என் அண்ணன் எஞ்சின் கொட்டகையில் துடைக்கிற வேலையில் இருந்தான். மீசை அரும்பாத குறையைக் கைகலப்பில் ஈடுகட்டிக்கொண்டிருந்தான். ஒரு முறை கீழ லைன் பையன் ஒருவனின் முன்பல்லைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டான். ரயில்வேயின் வெள்ளைக்காரத் துரை அப்பாவைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் இவன் பெயர் காதில் விழுந்தால் இவனுக்கு வேலையும் இல்லை, உங்களுக்கு வீடும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அண்ணன் கொல்லைப்பக்கம் போனால்கூட அப்பா எழுந்து எட்டிப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கிராணி ஒருவர் வந்து சேர்ந்தார். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறவர்களைக் கிராணி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் ஒல்லியான மனிதர்; கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். காலியாகக் கிடந்த சாமான் கிடங்கு ஒன்றைத் துரையிடம் கேட்டு வாங்கி, சாயங்காலங்களில் இளைஞர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதாக இரண்டு லைனிலும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். இரண்டு லைனுக்கும் ஒரே வகுப்பு. டீயும் ரொட்டியும் உண்டு. காசு வேண்டாம்.

காசு வேண்டாம் என்றதுதான் எல்லோரையும் கலங்கடித்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அன்றே வந்து உட்கார்ந்துவிட்டார். கிராணி போலீசுக்கு ஆள்காட்டி என்பது அவர் கட்சி.

"சண்டக்காரப் பசங்கள ஒரே எடத்துல ஒக்கார வச்சு மூஞ்சிய மனப்பாடம் பண்ணிக்குவான், மச்சான். பொறவு மாத்தா வந்து கொத்தா அள்ளிக்கிட்டுப் போவான்" என்றார். மாத்தா என்றால் போலீஸ்காரன்.

அம்மாவுக்கு வேறு பயம். கிராணி வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ரொட்டியில் எதையாவது ஓதிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

அப்பாவின் சந்தேகம் இரண்டையும்விடப் பழையது. "என்னையும் ஒருத்தன் சும்மாதான் சோறு போட்டுக் கூட்டியாந்தான். கப்பல் நகந்த பொறவுதான் கணக்குச் சொன்னான்" என்றார்.

ஆனாலும் தெருவில் நிற்பதைவிடக் கூரைக்கடியில் உட்கார்ந்திருப்பது மேல் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அண்ணனைப் போகச் சொன்னார். கூடவே என்னையும் அனுப்பினார். கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், வாயை மூடிக்கொள்ள வேண்டும், வந்து அத்தனையும் ஒப்பிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். போனது படிக்க அல்ல, உளவு பார்க்க.

வகுப்பில் கிராணி ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். பலகையில் மேல லைன்காரன் பக்கத்தில் கீழ லைன்காரன்தான் உட்கார வேண்டும். ஆரம்பத்தில் யாரும் கரும்பலகையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் கையைத்தான் பார்த்தார்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் கிராணி உட்கார வைத்தது அந்தப் பல் போன பையனை. இரண்டு பேரும் ஒரே சிலேட்டில் எழுத வேண்டியிருந்தது. ஒருவன் எழுதினால் மற்றவன் அழிப்பான். அப்படியே சில வாரங்கள் போயின. பிறகு ஒருவன் எழுத்துப் பிழையை மற்றவன் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தான். அதுவும் பகைதான், ஆனால் ரத்தம் வராத பகை.

வீடு திரும்பியதும் விசாரணை நடக்கும்.

"சாமி பேரு ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லப்பா."

"கைநாட்டு வாங்கினானா?"

"இல்லப்பா. ஆனா எழுதச் சொன்னாரு."

"வெறும் ஆனாவுக்கா ரொட்டி குடுக்குறான்?" என்று அப்பா மாமாவைப் பார்ப்பார். மாமா தலையை ஆட்டுவார். ஒன்றும் அகப்படாதது அவர்களுக்கு இன்னும் பெரிய சந்தேகமாக இருந்தது.

கடைசியில் அகப்பட்டது. ஒரு சாயங்காலம் கிராணி மேல லைன் பையன்களை மட்டும் கிடங்குக்குப் பின்னால் கூட்டிப்போனார். சின்னவன் என்று என்னை உள்ளேயே எழுத வைத்துவிட்டார். சுவர் தகரச் சுவர். நான் காதை ஒட்டிக்கொண்டேன்.

"பின்னாலேர்ந்து கால வாரக்கூடாது. நேருக்கு நேரா நின்னுதான் அடிக்கணும்" என்றார் கிராணி.

"ஞாயித்துக்கெழம பாருங்க சார். கீழ லைனுக்கு மூணு கோல். மொதக் கோல் நான்தான் அடிப்பேன்." அது அண்ணன் குரல். கிராணி சிரித்தார்.

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடிப்போய் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்: பானைகள், பாய், சாமிப்படம். எதை முதலில் எடுத்துக் கட்டுவது என்று பார்ப்பதுபோல இருந்தது. மாமாவுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் அன்னிக்கே சொன்னேன். அவனே கோலக் குடுத்து மோத விட்டுட்டு, அவனே மாத்தாவக் கூட்டியாருவான்."

அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் சந்தேகத்துக்கு ஆளானவனிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது தீர்ந்துபோய்விடும் அல்லவா? அண்ணனை வீட்டில் பூட்டி வைத்தாலும் பழி அவன் தலையில்தான் விழும் என்றார் மாமா. ஆகவே நேரில் போய்க் கிராணியைக் கையும் களவுமாகப் பிடித்துத் துரை முன்னால் நிறுத்துவது என்று முடிவாயிற்று. பரம ரகசியம் என்று சொல்லி மாமா அதைக் கள்ளுக்கடையில் இரண்டே பேரிடம் சொன்னார். மறுநாளே கீழ லைன் முழுவதும் தெரிந்துவிட்டது, மேல லைன்காரர்கள் கோலோடு வரப்போகிறார்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கிடங்கையடுத்த திடலுக்குப் போனேன். அவருடைய இன்னொரு கையில் மூங்கில் கோல். பின்னால் மாமாவும் மேல லைன் ஆட்களும். எதிர்ப்புறம் மரத்தடியில் கீழ லைன் பெரியவர்கள் நின்றார்கள். அவர்கள் கையும் வெறுங்கை அல்ல. நடுவே எங்கள் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யார் கையிலும் ஒன்றும் இல்லை. அப்பாவின் பிடி இன்னும் இறுகியது. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று மாமா கிசுகிசுத்தார்.

அப்போது பல் போன பையனின் கால் பட்டு அண்ணன் குப்புற விழுந்தான். அப்பா என் கையை உதறிவிட்டுத் திடலுக்குள் இறங்கினார். அதைப் பார்த்ததும் மரத்தடியிலிருந்து நெட்டையான ஒருவர் தடியை உயர்த்திக்கொண்டு வந்தார். பல் போன பையனின் தகப்பனார். இரண்டு பக்கமும் ஆட்கள் அசைந்தார்கள். கிராணி வாயில் விசிலை வைத்தவர் ஊத மறந்து நின்றார்.

பல் போன பையன் அண்ணனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அண்ணன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

"என்னப்பா இது, கோலோட வந்திருக்கீங்க?"

"நீதானடா கீழ லைனுக்கு மூணு கோல் அடிக்கப் போறேன்னு சொன்ன?"

முதலில் பல் போன பையனுக்குத்தான் விளங்கியது. அந்த ஓட்டை தெரியச் சொன்னான்: "இன்னும் ஒண்ணுகூட அடிக்கல பெரியப்பா. அடிக்கவும் விடமாட்டோம்."

பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், மேல லைனும் கீழ லைனும் ஒன்றாக. இளைஞர் சண்டையை எப்படி ஒழிப்பது என்று இப்போது சங்கங்களில் பேசுகிறார்கள்; நானும் எழுந்து பேசுகிறேன். பேசும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது. அன்று அந்தத் திடலில் அடிதடிக்குத் தயாராக வந்திருந்தவர்கள் அதைத் தடுக்க வந்த பெரியவர்கள் மட்டும்தான்.

கிராணி அப்பாவை அழைத்துப்போய்த் தரையில் குவித்திருந்த இரண்டு சட்டைகளைக் காட்டினார். இவற்றுக்கு நடுவே பந்து போனால் அதற்குப் பெயர் கோல் என்று விளக்கினார். சட்டை காற்றில் நகர்ந்து நகர்ந்து தகராறு வருவதாகவும், லைனுக்கு இரண்டு கோல் கொடுத்தால் நட்டுக்கொள்ளலாம் என்றும் பணிவாகக் கேட்டார். நெட்டைக்காரர் தம்முடையதை உடனே கொடுத்தார். அப்பாவும் தம்முடையதை நட்டார். ஆனால் ஆட்டம் முடியும்வரை அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பந்து வந்தால்கூட விலகவில்லை.

எங்கள் லைன் அடித்தது ஒரே ஒரு கோல். அதுவும் அண்ணன் அடித்ததல்ல. கிராணி நீட்டிய டீயை அப்பா வாங்கவில்லை. வீடு திரும்பும் வழியில், "மூணுன்னு சொன்னான்" என்று மட்டும் ஒரு தரம் முணுமுணுத்தார்.

அதோடு அப்பாவின் சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லை. முன்னைவிடக் கடுமையாகிவிட்டது. ஒப்பித்தால் மட்டும் போதாது என்றார். கிராணி அன்றைக்கு என்ன எழுதச் சொன்னாரோ, அதை அடுப்புக்கரியால் வாசல் சிமிட்டித் தரையில் அப்படியே எழுதிக் காட்ட வேண்டும். குனிந்து உற்றுப் பார்ப்பார். இது என்ன, இந்தச் சுழி எந்தப் பக்கம் போகிறது என்று துருவித் துருவிக் கேட்பார்.

"அழிக்காத. மாமா வந்து பாக்கட்டும்" என்பார்.

மாமா வந்து பார்த்ததற்கு அடையாளம் காலையில் இருக்கும். என் எழுத்துக்குப் பக்கத்தில் அதே எழுத்து இன்னும் பெரிதாக, கோணலாக, கரி நொறுங்கும் அளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருக்கும். கிராணியை மடக்க மாமா துப்புச் சேர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சில மாதங்களில் கோணல் குறைந்து வந்தது. மாமாவின் எழுத்து இப்போது நன்றாகத் திருந்திவிட்டது என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, தண்டவாள வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா எங்கள் பக்கம் பார்க்காமல் வேகமாகப் படியிறங்கிப் போனார். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.