வில்லுக்கு ஃபாரம் கிடையாது

எங்கள் வேர்க்கடலையில் பன்றிகள் இறங்கிய வருடம் எனக்கு ஒன்பது வயது. ஆம்பூருக்குத் தெற்கே மலையை ஒட்டி அரை ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. அப்பா பகலெல்லாம் டேனரியில் தோல் சுரண்டிவிட்டு வந்து அதில் பாடுபட்டார். பக்கத்து நிலத்துக்காரரிடம் துப்பாக்கி உண்டு. பயிர்க்காவலுக்கென்று சர்க்கார் கொடுத்த லைசன்ஸும் உண்டு. அவர் சுட்டால் பன்றிகள் எங்கள் நிலத்துக்கு ஓடிவந்து நிதானமாகத் தின்றன.

அப்பா மூங்கிலில் ஒரு வில் செய்தார். டேனரியில் கழித்துப்போட்ட பச்சைத்தோலை வாராக அறுத்து முறுக்கி நாண் கட்டினார். செய்ததோடு நிற்கவில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு தாலுகா ஆபீசுக்குப் போய் அதற்கும் லைசன்ஸ் கேட்டார்.

“துப்பாக்கிக்கு ஃபாரம் கீது. வில்லுக்கு ஏதுய்யா ஃபாரம்? போய்யா, பேஜார் பண்ணாத,” என்றாராம் குமாஸ்தா.

வில்லால் பன்றியை அடிப்பதே குற்றம் என்று அந்த மனிதர் சொல்லவில்லை. ஃபாரம் இல்லையென்றால் லைசன்ஸ் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு அப்பா சந்தோஷமாகத் திரும்பினார்.

அந்த வில்லை என்னால் இழுக்க முடியாது. நாண் இரண்டு விரல் நகரும், அம்புக் குச்சி காலடியில் விழும். “எலி வால இழுக்கிற மாதிரி இழுக்கிறான் பாரு,” என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அழுகை வரும்.

பத்து நாளில் காட்டு எல்லையில் ஒரு பன்றி விலாவில் ஓட்டையோடு செத்துக் கிடந்தது. மறுநாள் காலை ஃபாரஸ்ட் கார்டு இரண்டு ஆட்களோடு எங்கள் வாசலில் நின்றார். அதற்குள் விஷயம் தெரிந்து, அம்பின் இரும்பு முனைகளை அப்பா எருக்குழியில் புதைத்திருந்தார். வீட்டில் அகப்பட்டது வில்லும் சீவிய மூங்கில் குச்சிகளும்தான்.

“பையன் வெளையாட பண்ணிக் குட்த்ததுங்க சார்,” என்றார் அப்பா.

“வெளையாட்டு சாமானா இருந்தா உட்டுட்டுப் போறேன். இல்லன்னா நீ ஜெயிலுக்குதான்.” கார்டு என்னைக் கூப்பிட்டார். “டேய், இங்க வா. உன் வில்லுதானே? உட்டுக் காட்டு.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்து, “நீ எப்பவும் உட்ற மாதிரி உடு கண்ணு,” என்றார். என்னை அவர் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.

அப்பா வேலைக்குப் போயிருந்த நேரங்களில் நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் அப்படியே தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் வில்லில் ஊன்றி, இரண்டு கைகளாலும் நாணைப் பிடித்து மார்புவரை இழுத்தேன். விட்டேன். குச்சி எங்கள் வீட்டு மண்சுவரில் போய்க் குத்தி நின்று ஆடியது.

கார்டு போய்க் குச்சியைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் வரவில்லை. பிடுங்கி, மண் ஒட்டிய இடத்தில் விரல்களை வைத்து அளந்தார்.

“நாலு வெரக்கட எறங்கிக்கீது. சின்னப் பையன் உட்டே இப்டின்னா நீ உட்டா இன்னா ஆவும்? கீழ உழுந்திருந்தா நம்பிட்டுப் போயிருப்பேன்யா.”

நாலு மாதம் அப்பா உள்ளே இருந்தார். மிச்சக் கடலையைப் பன்றிகள் முடித்தன. நான் பள்ளிக்கூடத்தை விட்டு டேனரியில் உப்புக்கூடை தூக்கப் போனேன். அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை.

அன்று கையைக் கட்டி அழைத்துப் போகும்போது அப்பா என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். “கால வெச்சி இழுக்க யார்ரா சொல்லிக் குட்த்தது?” என்று கேட்டார். மெச்சித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

“யாரும் இல்லப்பா, நானேதான் கத்துக்கினேன்,” என்றேன், கார்டுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே.